உணவுக் குறிப்பு ஏன் பாதியில் நின்றுபோகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடையைக் குறைப்பதற்காக அன்றாடம் உண்பதையும் அதன் கலோரியையும் பதியும் உணவுக் குறிப்பை எழுதத் தொடங்கும் முதல் வாரத்தில் ஆர்வத்துக்குக் குறைவிருப்பதில்லை. காலையில் குடித்த பானத்தில் கலந்த சர்க்கரை முதல் இரவில் தின்ற பழத்தின் எடை வரை ஒவ்வொன்றும் கிராம் கணக்கில் பதிவாகிறது. இரண்டாம் வாரத்தில் வரிகள் சுருங்குகின்றன. மூன்றாம் வாரத்தில் ஒரு விருந்தோ பயணமோ குறுக்கிட, அன்றைய பக்கம் வெற்றாகக் கிடக்கிறது. அதன்பின் அந்தக் குறிப்பேட்டையோ செயலியையோ திறக்கவே மனம் வருவதில்லை. இப்படி நின்றுபோவதற்கு மனவுறுதி போதாமையே காரணம் என்று பலரும் தம்மைத் தாமே கடிந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு குறிப்பெழுதும் முறையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. துல்லியம் தேவைப்படாத இடங்களில் அதற்காக மல்லுக்கட்டுகிறோம். தேவைப்படும் இரண்டொரு இடங்களில் கண்ணை மூடிக்கொள்கிறோம். இவ்விரண்டையும்விட முக்கியமான தொடர்ச்சியை ஒரே ஒரு தவறிய நாளுக்காகக் கைவிட்டுவிடுகிறோம்.

துல்லியத்தின் மீது வைக்கும் மிகையான நம்பிக்கையை முதலில் பார்ப்போம். உணவுப் பொட்டலங்களில் அச்சிடப்படும் கலோரி எண், அந்தப் பொட்டலத்தை அளந்து பெற்ற எண்ணாக இருப்பது அரிது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் வகுத்த சராசரிகளே இன்றும் அடிப்படையாக இருக்கின்றன: ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9. இவை சராசரிகள் என்பதால் சில உணவுகளில் கணக்கு வெகுவாக விலகும். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 28 கிராம் பாதாம்பருப்பிலிருந்து உடலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 129 கலோரிதான் என்றும், வழக்கமான கணக்கோ 170 வரை காட்டுகிறது என்றும் தெரியவந்தது. பருப்பின் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்கப்படாமலே வெளியேறிவிடுவதே காரணம். பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணைவிட உண்மையான அளவு 20 சதவீதம் வரை கூடுதலாக இருப்பதை அமெரிக்க விதிகள் பொறுத்துக்கொள்கின்றன. நிலைமை இதுவாக இருக்கும்போது, ஒருவேளை உணவை 437 கலோரி என்று எழுதுவதற்கும் 450 என்று எழுதுவதற்கும் நடைமுறையில் வேறுபாடு ஒன்றுமில்லை. அந்தப் பதின்மூன்று கலோரிக்காகக் கீரையைத் தராசில் நிறுத்துக்கொண்டிருப்பவர், சில வாரங்களில் தராசோடு சேர்த்துக் குறிப்பையும் பரணில் ஏற்றிவிடுவார்.

எழுதுவதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறோம் என்பதைவிட எத்தனை முறை எழுதுகிறோம் என்பதே முக்கியம் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. எடை குறைக்க முயன்ற 142 பேரை 24 வாரங்கள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் மாதத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 23 நிமிடங்கள் எடுத்துக்கொண்ட பதிவு வேலை ஆறாம் மாதத்தில் 15 நிமிடங்களுக்கும் கீழே இறங்கியிருந்தது. எடை குறைந்ததோடு தொடர்பு கொண்டிருந்தது, செலவிட்ட நிமிடங்கள் அல்ல. ஒரு நாளில் எத்தனை முறை பதிவுசெய்தார்கள் என்ற எண்ணிக்கைதான். ஆகவே அடிக்கடி உண்ணும் ஏழெட்டு உணவுகளை ஒருமுறை ஒழுங்காக அளந்து சேமித்து வைத்துக்கொண்டு, பிறகு ‘வழக்கமான காலை உணவு’ என்று ஒரே தொடுதலில் பதிவதில் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. அதைச் சோம்பல் என்பவர்கள் உண்டு. எனக்கோ அதுவே இந்தப் பழக்கத்தின் அச்சாணியாகத் தெரிகிறது.

கண்ணுக்குத் தப்பும் இடங்கள்

அப்படியானால் எதையும் அளக்க வேண்டாமா என்று கேட்கலாம். சிலவற்றை அளந்தே ஆக வேண்டும். அவை பெரும்பாலும் நாம் அளக்காமல் விடுபவையாகவே இருக்கின்றன. எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. குப்பியிலிருந்து நேரே வாணலியில் ஊற்றும்போது அது ஒரு கரண்டியா மூன்று கரண்டியா என்பது ஊற்றுபவருக்கே தெரியாது. கீரை நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு அசையாது. எண்ணெயில் கை சற்றுத் தாராளமாகிவிட்டால் ஒரு சிற்றுண்டிக்கு ஈடான கலோரி யாருக்கும் தெரியாமல் தட்டில் வந்து சேர்ந்துவிடும். கொட்டைப் பருப்புகள், வெண்ணெய், பாலாடைக்கட்டி, இனிப்புப் பானங்கள் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மட்டும் கரண்டியையும் தராசையும் பயன்படுத்திவிட்டு மற்றவற்றைக் கண்ணளவில் எழுதினாலே கணக்கு பெருமளவு நேராகிவிடும்.

அடுத்தது, சமைப்பதற்கு முன்னிருக்கும் எடையையும் சமைத்த பின்னிருக்கும் எடையையும் குழப்பிக்கொள்வது. உலர்ந்த அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 360 கலோரி இருக்கும். வெந்த சோறு 100 கிராமில் 130தான், ஏனென்றால் மீதி எடை தண்ணீர். சோற்றை நிறுத்துவிட்டுச் செயலியில் அரிசிக்குரிய வரியைத் தேர்ந்தெடுப்பவர் உண்டதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கைப் பதிவுசெய்து வீணாகக் கலங்குவார். இறைச்சியில் இது தலைகீழாக நடக்கும். வேகும்போது நீரை இழந்து ஏறத்தாழக் கால் பங்கு எடை குறைவதால், சமைத்த துண்டைப் பச்சை இறைச்சியின் கணக்கில் எழுதினால் உண்மையைவிடக் குறைவான எண் வரும். செயலிகளின் தரவுத்தளங்கள் பலவற்றில் பயனர்களே சேர்த்த வரிகள் கலந்திருப்பதால், ஒரே உணவுக்குப் பத்து வேறு எண்கள் தோன்றுவதும் உண்டு. அவற்றில் குறைவானதைத் தேர்ந்தெடுக்க விரல் தானாகவே நகரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்ததை வாயில் போட்டுக்கொண்டது, நின்றபடி கொறித்தது போன்றவற்றை உணவாகவே நாம் எண்ணுவதில்லை. இரவில் படுக்கும்முன் நாள் முழுவதையும் நினைவுகூர்ந்து எழுதும் வழக்கமுள்ளவர்களிடம் இவை முற்றாகவே விடுபட்டுப்போகும். இதைப் பொய் சொல்வதாகக் கொள்வது நியாயமல்ல. 1992இல் வெளியான புகழ்பெற்ற ஓர் ஆய்வு, நாளொன்றுக்கு 1200 கலோரிக்கும் குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று கூறிய ஒரு சிறு குழுவினரை எடுத்துக்கொண்டு, அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றலை ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) கலந்த தண்ணீரின் உதவியால் அளந்தது. உண்டதில் சராசரியாக 47 சதவீதம் அவர்களுடைய குறிப்பில் ஏறவே இல்லை. உடலுழைப்பையோ 51 சதவீதம் கூட்டி எழுதியிருந்தார்கள். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவர்களுக்கே இது நேரும்போது, உண்ட கையோடு எழுதிவிடுவதைத் தவிர வேறு மாற்று எனக்குத் தெரியவில்லை. எழுத நேரமில்லாவிட்டால் தட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்தாலும் போதும்.

நனைந்த பின் முக்காடு

இந்தப் பழக்கத்தை முறிக்கும் தவறுகளில் மிகப் பெரியதை நம் பழமொழி ஒன்றே சொல்லிவிடுகிறது: நனைந்த பின் முக்காடு எதற்கு? மதியம் எதிர்பாராமல் இரண்டு துண்டு கேக் உண்டுவிட்டோம், இன்றைய நாள் கெட்டது கெட்டதுதான், இரவிலும் விரும்பியதை உண்போம், நாளையிலிருந்து, இல்லை, திங்கட்கிழமையிலிருந்து புதிதாகத் தொடங்குவோம் என்று மனம் கணக்குப் போடுகிறது. உளவியலாளர்கள் இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். 1975இல் வெளியான ஒரு சோதனையில், உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தவர்களில் முதலில் மில்க் ஷேக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிடக் கூடுதலாக ஐஸ்கிரீம் உண்டார்கள். வயிறு நிறைந்திருந்தும் கூடுதலாக உண்டதற்குக் காரணம், கட்டுப்பாடு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்ற எண்ணமே என்று விளக்கப்பட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பது விளங்கும். ஒரு விருந்தில் 800 கலோரி கூடுதலாகச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால், வாரத்தின் ஏழு நாள்களுக்கும் பங்கிட்டால் நாளொன்றுக்கு 115 கலோரிகூட வராது. அதே விருந்தைக் காரணம் காட்டி வெள்ளி இரவு முதல் ஞாயிறு வரை கணக்கை மூடிவைத்தால்தான் வாரத்தின் உழைப்பு கரைகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரிடம் புதிய பழக்கங்கள் எப்படி வேரூன்றுகின்றன என்று 12 வாரங்கள் கவனித்துப் பார்த்தபோது, ஒரு பழக்கம் தானியங்கும் நிலையை எட்டுவதற்கு இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதைவிடக் கூடுதல்) 66 நாள்கள் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டு 22ஆம் நாளில் ஏமாற்றம் அடைபவர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும். அதே ஆய்வு, இடையில் ஒருமுறை தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்றும் கண்டது.

தவறிய நாளையும் வெற்றாக விடக்கூடாது. ‘விருந்து, அளவு தெரியாது, வயிறு நிறைய உண்டேன்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். சங்கிலி அறுந்துவிட்ட உணர்வு வராது. மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்ட முயல்வது இன்னொரு தவறு, ஏனெனில் பட்டினிக்குப் பின் வரும் பசி அடுத்த கட்டுமீறலுக்கே வழிகோலும். செயலிகள் காட்டும் ‘தொடர் நாள்’ எண்ணிக்கையையும் நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். அறுபது நாள் எழுதியவருக்கு ஒரு நாள் தவறியதும் பூஜ்யம் என்று காட்டும் எண், அவர் செய்ததை மறைத்துத் தவறியதை மட்டும் பெரிதாக்குகிறது. வாரத்தில் எத்தனை நாள் எழுதினோம் என்று எண்ணுவதே நேர்மையான கணக்கு.

எடைக் கருவி காட்டும் எண்

காலையில் எடைக் கருவி முந்தைய நாளைவிட ஒரு கிலோ கூடுதலாகக் காட்டியதால் மனம் சோர்ந்து குறிப்பெழுதுவதையே நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 7700 கலோரி என்பதால், ஓர் இரவு உணவால் அவ்வளவு கொழுப்பு சேர்வது நடவாத காரியம். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் தங்குகிறது. உப்பு மிகுந்த உணவும் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. குடலில் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. உணவுக் கட்டுப்பாட்டின் முதல் வாரத்தில் மளமளவென்று குறையும் எடையிலும் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். ஏழு நாள் எடையின் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் தொந்தரவு தராது.

உடற்பயிற்சியில் எரித்ததாகக் கைக்கடிகாரம் காட்டும் கலோரியை உணவுக் கணக்கில் வரவு வைத்து அந்த அளவுக்குக் கூடுதலாக உண்பதையும் தவிர்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இதயத்துடிப்பை ஓரளவு சரியாகச் சொன்ன அவற்றில் மிகத் துல்லியமான கருவிகூட ஆற்றல் செலவில் சராசரியாக 27 சதவீதம் பிழை காட்டியது.

கலோரி எண்ணிக்கை இலக்குக்குள் இருந்துவிட்டால் அன்றைய உணவு நன்றாக இருந்தது என்று முடிவுசெய்வதும் அடிக்கடி நிகழ்கிறது. ஒரு காய்கூட உண்ணாமலும் அந்த இலக்குக்குள் நின்றுவிட முடியும். நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும், 5 கிராமுக்குக் குறைவான உப்பும், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையும் சேர்ந்து மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இவற்றில் காய், பழ அளவை மட்டுமாவது கலோரிக்குப் பக்கத்தில் ஒரு தனி வரியாக எழுதிவந்தால், எதைக் குறைப்பது என்று மட்டுமே சுற்றிக்கொண்டிருக்கும் மனம் எதைச் சேர்ப்பது என்றும் யோசிக்கத் தொடங்கும்.

இந்தப் பழக்கம் எல்லோருக்கும் ஏற்றதல்ல. உண்ணுதல் சார்ந்த மனநலக் கோளாறுகளுக்கு ஒருகாலத்தில் ஆளானவர்கள், எண்ணைப் பார்க்காமல் ஒரு வாய்கூட உண்ண முடியாத நிலைக்கு வந்துவிட்டவர்கள், குறிப்பில் எழுத முடியாது என்பதற்காகவே நண்பர்களோடு உண்பதைத் தவிர்ப்பவர்கள் ஆகியோர் கணக்கை நிறுத்திவிட்டு மருத்துவரையோ உணவியல் வல்லுநரையோ அணுகுவதே சரி. வளரும் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் தாமாகக் கலோரி இலக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. இன்சுலின் எடுத்துக்கொள்பவர்களின் மாவுச்சத்துக் கணக்கு மருத்துவ ஆலோசனையோடு செய்ய வேண்டிய வேறு காரியம்.

மற்றவர்களும் வாழ்நாள் முழுவதும் எழுதியாக வேண்டும் என்று நினைத்து மலைக்க வேண்டியதில்லை. சில மாதங்களில் அளவுகள் கண்ணுக்குப் பழகிவிடும். அதன்பின் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் எழுதலாம்; அந்த வாரத்தில் எண்ணெயை மறுபடியும் கரண்டியால் அளந்து ஊற்றிப் பார்த்தால், இடைப்பட்ட மூன்று வாரங்களில் கை எவ்வளவு தாராளமாகியிருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.