மலைப் பாதை சைக்கிளுக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்: எதைப் பார்த்து வாங்குவது?

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதில் சைக்கிளில் இறங்கும்போது கை என்ன பாடுபடும் என்பது இறங்கியவருக்குத்தான் தெரியும். கேபிள் டிஸ்க் பிரேக் வைத்த என் எம்டிபியில் (மலைப் பாதை சைக்கிளில்) முதல் முறை இறங்கியபோது பாதி வழிக்குள் விரல்கள் மரத்துவிட்டன. நான்கு விரலாலும் இழுத்துப் பிடித்தும் வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தான் நின்றது. ஓரங்கட்டி, கையை உதறி, கேபிளை இறுக்கிவிட்டு மறுபடி இறங்கினேன். கேபிளுக்குப் பதில் ஆயிலால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் மாட்டிய பிறகு அதே சாலையில் ஆள்காட்டி விரல் ஒன்றே போதுமாக இருந்தது.

பிரேக் மாற்ற நினைப்பவர்கள் கடைக்குள் நுழைந்ததும் "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பிரேக் எவ்வளவு சூட்டைத் தாங்க வேண்டும், உங்கள் ஃபிரேமில் எது பொருந்தும், ஊரில் எந்த ஆயில் கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். அதற்குள் கம்பெனி தானாகவே முடிவாகிவிடும்.

உள்ளே நடப்பது என்ன

லீவரை இழுத்தால் அதனுள்ளே இருக்கும் சின்ன பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். ஆயில், ஹோஸ் என்ற மெல்லிய குழாய் வழியே போய், சக்கரத்தருகே இருக்கும் காலிப்பரின் பெரிய பிஸ்டன்களைத் தள்ளும். அவை, சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடான ரோட்டரை இரண்டு பக்கமும் பேடால் (உராயும் கட்டையால்) அழுத்தும். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். சின்னப் பரப்பில் கொடுத்த அழுத்தம் பெரிய பரப்பில் பெரிய விசையாக வெளிவருகிறது. கேபிளில் மண்ணும் துருவும் சேர்ந்து விரலின் பலத்தைத் தின்னும், இங்கே அந்தத் தொல்லை இல்லை. பேட் தேயத் தேய பிஸ்டனும் தானாக முன்னே வந்துவிடும், அடிக்கடி இறுக்க வேண்டியதில்லை.

படி 1: சூட்டைக் கணக்கிட்டு ரோட்டர் அளவை முடிவு செய்யுங்கள்

நீங்களும் பையும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, இறங்குவது 1000 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் ஏறக்குறைய 880 கிலோஜூல் ஆற்றல் வெளிவரும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகமாகப் போனால் அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் மெதுவாக இறங்கினால் காற்றின் உதவி மிகக் குறைவு. கிட்டத்தட்ட முழுச் சூடும் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகளில்தான் இறங்கும்.

அதனால்தான் பிரேக்கில் முதலில் முடிவு செய்ய வேண்டியது ரோட்டர் அளவு என்று சொல்கிறேன். 160, 180, 203 மி.மீ. விட்டங்கள்தான் அதிகம் கிடைக்கும். ஸ்ராம் கம்பெனியில் 203-க்குப் பதில் 200 இருக்கும். 160-லிருந்து 180-க்குப் போனாலே நிறுத்தும் பலம் சுமார் எட்டில் ஒரு பங்கு கூடும், சூடு பரவ இடமும் கூடும். செலவு ஒரு ரோட்டரும், காலிப்பரைப் புது அளவுக்குப் பொருத்தும் ஒரு அடாப்டரும் மட்டுமே. விலை கூடிய லீவர் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

என் கணக்கு இது. உடல் எடை 70 கிலோவுக்குள், ஊரைச் சுற்றிய கரடு, ஏரிக்கரை, சின்ன ஏற்ற இறக்கம் என்றால் முன்னே 180, பின்னே 160. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் பெரிய வேலையை முன் பிரேக்தான் செய்கிறது, அதனால் பெரிய ரோட்டரும் முன்னால்தான் இருக்க வேண்டும். எடை 85 கிலோவுக்கு மேல், அல்லது நீலகிரி, வால்பாறை பக்கம் நீண்ட இறக்கம் என்றால் முன்னே 203, பின்னே 180.

படி 2: எது பொருந்தும் என்று சைக்கிளிடம் கேளுங்கள்

கடைக்குப் போகும் முன் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: முன் காலிப்பர் மாட்டும் இடம், பின் காலிப்பர் மாட்டும் இடம், இரண்டு ஹப்கள் (சக்கரத்தின் நடுவில் ரோட்டர் மாட்டும் பகுதி).

காலிப்பர் மாட்டும் இடத்தில் போல்ட் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். சக்கரத்தின் பக்கவாட்டில், அச்சு போகும் திசையிலேயே போனால் அது ஐ.எஸ். வகை. ரோட்டர் தட்டையாக நிற்கும் திசையிலேயே போனால் போஸ்ட் மவுண்ட். இப்போது எம்டிபியில் போஸ்ட் மவுண்ட்தான் பரவலாக இருக்கிறது. ஐ.எஸ். ஆக இருந்தாலும் கவலை இல்லை, அடாப்டர் கிடைக்கும். அடாப்டர் கேட்கும்போது முன்னா பின்னா, எந்த மவுண்ட், எந்த அளவு ரோட்டர் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் தவறானது கைக்கு வரும்.

அப்புறம் ஹப். ஆறு போல்ட் துளை இருந்தால் ஆறு போல்ட் ரோட்டர். துளை இல்லாமல் பல் பல்லாக இருந்தால் அது சென்டர்லாக். சென்டர்லாக் ஹப்பில் அடாப்டர் வைத்து ஆறு போல்ட் ரோட்டரை மாட்டலாம், ஆறு போல்ட் ஹப்பில் சென்டர்லாக் ரோட்டரை மாட்ட முடியாது. சில பழைய சைக்கிளில் இந்த இரண்டுமே இருக்காது. அப்படியென்றால் சக்கரமும் மாற்ற வேண்டிவரும். ஃபிரேமிலும் காலிப்பர் மாட்ட இடம் இல்லையென்றால் இந்தத் திட்டத்தையே விட்டுவிடுங்கள். வெல்டிங் வைத்து மாட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) ஃபிரேமும் எவ்வளவு பெரிய ரோட்டர் வரை தாங்கும் என்று அந்தந்தக் கம்பெனி எழுதி வைத்திருக்கும். ஆரம்பநிலை ஃபோர்க்குகளில் பல 180-க்கு மேல் போகக் கூடாதவை. படி 1-இல் உங்களுக்கு 203 என்று வந்து, ஃபோர்க் 180 என்று சொன்னால், ஃபோர்க் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

படி 3: இரண்டு பிஸ்டனா, நான்கா?

காலிப்பரில் நான்கு பிஸ்டன் என்றதும் பலம் இரண்டு மடங்கு என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. அதன் பேட் நீளமானது, சூட்டை அதிகம் தாங்கும், லீவரில் நீங்கள் கொடுக்கும் சின்ன மாற்றமும் சக்கரத்தில் தெரியும். ஈரப் பாறை மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அளந்து பிடிக்க இது பெரிய உதவி.

ஷிமானோவில் எம்டி200 இரண்டு பிஸ்டன், விலை குறைந்தது, முதல் பிரேக்காக எனக்குப் பிடித்தமானது. டியோர் வரிசையில் எம்6100 இரண்டு பிஸ்டன், எம்6120 நான்கு. ஸ்ராமில் கோட், நான்கு பிஸ்டன். டெக்ட்ரோவின் எம்275 பல சைக்கிள்களில் கடையிலிருந்தே மாட்டி வரும். இறக்கம் பத்து நிமிடத்துக்குள் முடியும் பாதைகளுக்கு இரண்டு பிஸ்டனும் 180 ரோட்டரும் தாராளம். முன்னால் நான்கு, பின்னால் இரண்டு என்று கலந்தும் வைக்கலாம், தப்பே இல்லை.

படி 4: ஆயில் விஷயத்தில் விளையாடவே கூடாது

இந்தப் படியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். சைக்கிள் பிரேக்கில் இரண்டு வகை ஆயில். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஆயில். ஸ்ராமின் பல பிரேக்குகள், ஹோப் ஆகியவை டாட் (DOT) வகை, அதாவது பைக், கார் பிரேக்கில் ஊற்றும் ஆயில். ஸ்ராமிலேயே டிபி8, மேவன் போன்றவை மினரல் ஆயில். எனவே கம்பெனிப் பெயரை நம்பாமல் லீவர் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ஒன்றுக்கு வைத்த ரப்பர் சீல் மற்றதைத் தாங்காது. என் பிரேக்கில் ஒருமுறை லீவர் மெத்து மெத்தென்று ஆகிவிட்டது. பயணத்தின் நடுவே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் நல்ல எண்ணத்தோடுதான், பைக்குக்கு ஊற்றும் டாட் 4 ஆயிலை என் மினரல் ஆயில் பிரேக்கில் ஊற்றிவிட்டார். அன்று மாலை வரை பிரமாதமாகப் பிடித்தது. சில நாளில் லீவர் இழுத்தால் திரும்பி வரவில்லை. பிரித்துப் பார்த்தால் சீல்கள் ஊறி உப்பியிருந்தன. லீவர், காலிப்பர் இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

டாட் ஆயிலில் ஒரு வசதி உண்டு. டாட் 4 எந்த டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155-தான். டாட் 5.1-க்கு அதே கணக்கு 260, 180. நம் ஊர் கடற்கரைக் காற்றில் வருடம் ஒருமுறையாவது மாற்றிவிடுவது நல்லது. டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கான், இந்த பிரேக்குகளுக்கு ஆகாது. டாட் ஆயில் பெயின்ட்டையும் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மினரல் ஆயிலில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் சிற்றூர்க் கடைகளில் கிடைப்பது கடினம், முன்கூட்டியே ஒரு பாட்டில் வாங்கி வைத்துவிட வேண்டும். முதல்முறை வாங்குபவருக்கு நான் மினரல் ஆயிலைத்தான் சொல்வேன்.

படி 5: பேட்

ரெசின் பேட் சத்தம் போடாது, குளிர்ந்திருக்கும்போதே பிடிக்கும், ஆனால் மழைச் சேற்றில் சீக்கிரம் கரையும். மெட்டல் பேட் நீண்ட நாள் வரும், சூடு தாங்கும், கொஞ்சம் கத்தும். வாங்கும் முன் ரோட்டரில் பொறித்திருப்பதைப் பாருங்கள். விலை குறைந்த ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் என்று எழுதியிருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டரை அரம் போல் அரைத்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் செம்மண் பாதையில் ஓட்டுபவர் மெட்டல் பேட் தாங்கும் ரோட்டராகவே வாங்கிவிடுங்கள்.

படி 6: எந்தக் கை, எவ்வளவு நீளம்

நம் நாட்டில் வலது லீவர் முன் பிரேக். வெளிநாட்டுக்காகக் கட்டிய செட்டில் பெரும்பாலும் இடது லீவரில்தான் முன் பிரேக் இருக்கும், அதுதான் இணையத்தில் மலிவாகவும் வரும். பைக் ஓட்டிப் பழகிய கைக்கு இது ஆபத்து. அவசரத்தில் கை பழகிய லீவரைத்தான் இழுக்கும். ஹோஸ் நீளம் முன்னே சுமார் 1000 மி.மீ., பின்னே 1700 மி.மீ. என்று வரும். உங்கள் ஃபிரேமில் ஹோஸ் உள்ளே நுழைந்து போவதாக இருந்தால் அதைக் கழற்றி நுழைக்க வேண்டும், ஹோஸ் முனையில் புதிய ஆலிவும் இன்சர்ட்டும் (இணைப்பில் ஆயில் கசியாமல் பிடிக்கும் சின்னத் துண்டுகள்) போட்டு, ப்ளீட் செய்ய வேண்டும், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். வெளியே போவதாக இருந்தால் ஆயில் நிரப்பி வந்த செட்டை அப்படியே கட்டிவிடலாம். முதல் முறை என்றால் உள்வழி வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

படி 7: மாட்டிப் பழக்குதல்

ரோட்டரைத் தொடும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். விரலில் இருக்கும் எண்ணெயே பேடைக் கெடுக்கப் போதும். ஆறு போல்ட்டையும் டி25 நட்சத்திர சாவியால், ஒன்றை முடுக்கியதும் எதிர்ப்பக்கத்து போல்ட் என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். சக்கரம் கழற்றியிருக்கும்போது லீவரை மறந்தும் இழுக்காதீர்கள், பேட்கள் ஒட்டிக்கொள்ளும்.

காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் அது அசையும் அளவுக்குத் தளர்த்துங்கள். லீவரை இழுத்துப் பிடித்தபடியே இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஷிமானோவில் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை. இப்போது காலிப்பருக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, மேலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். ரோட்டருக்கு இரண்டு பக்கமும் நூல் அளவு வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் காலிப்பரை மயிரிழை தள்ளி மறுபடி இறுக்குங்கள். சக்கரத்தைச் சுற்றிக் காதை வைத்துக் கேளுங்கள், "ஸ்ஸ்" என்று விட்டு விட்டுக் கேட்டால் ரோட்டர் லேசாக வளைந்திருக்கிறது.

புது பேட் முதல் நாள் பிடிக்காது, பயப்பட வேண்டாம். ஆளில்லாத சமதளச் சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகம் வரை போய், நடை வேகம் வரும்வரை ஒரே சீராகப் பிடியுங்கள். முழுதாக நிறுத்தவும் வேண்டாம், சக்கரத்தைப் பூட்டவும் வேண்டாம். இருபது முறை. பிறகு 30 கி.மீ. வேகத்திலிருந்து பத்து முறை. பேடின் படிவு ரோட்டரில் மெல்லிய படலமாக ஏறும், ஒவ்வொரு முறையும் லீவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிப்பது விரலுக்கே தெரியும். முன்னும் பின்னும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

முதல் இறக்கம் முடிந்து கீழே வந்ததும் ரோட்டரைத் தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும் சூடு இருக்கும். அது ஆறும்வரை பொறுத்திருந்து, பிறகு காலிப்பர் போல்ட் இரண்டையும் ஒருமுறை சாவி வைத்துப் பாருங்கள். எனக்கு முதல் வாரத்தில் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது.