எச்.ஐ.வி. பரிசோதனை: நம் பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் கோவை போய்வரும் இளைஞர்களில் எச்.ஐ.வி. என்றால் என்னவென்று தெரியாதவர்கள் குறைவு. பரிசோதனை என்றதும்தான் தயங்குகிறார்கள். "நான் அந்த மாதிரி ஆள் இல்லை" என்பார்கள். வைரஸ் ஆள் பார்த்து வருவதில்லை. ஆணுறை இல்லாத உறவு, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வது, இதில் ஒன்று போதும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவதும் தப்பு. பல வருடம் எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம்.

தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் சித்தி மகள் நர்ஸாக இருப்பாள், பயம் நியாயமானதுதான். அப்படியென்றால் மாநில எல்லையில் இருக்கும் வாளையாறு தாண்டிப் போய்ப் பாருங்கள், தவறே இல்லை. கேரளத்தில் 'ஜோதிஸ்', தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை இருக்கும். இரண்டு பக்கமும் அரசு மையத்தில் இலவசம். ஆலோசகர் முதலில் தனியாக உட்காரவைத்துப் பேசுவார், அப்புறம்தான் ரத்தம் எடுப்பார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, வேலை தருவதற்கு இந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. ரத்தம் கொடுத்துவிட்டு முடிவு வாங்காமல் பஸ் ஏறிவிடாதீர்கள், போன் நம்பரையும் மாற்றிக் கொடுக்காதீர்கள்.

நாள் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். தொற்று வர வாய்ப்புள்ள ஏதாவது நடந்த மறுநாளே பரிசோதித்து 'இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். தொற்று பரிசோதனையில் தெரியச் சில வாரம் ஆகும், 3 மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் உறுதி. ஆனால் ஆபத்து நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தேவை என்று டாக்டர் சொன்னால் 28 நாள் தடுப்பு மாத்திரை தருவார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

ரத்த தானம் கொடுத்தால் அவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். புதுத் தொற்று அந்தச் சோதனையில் தப்பிவிட்டால், ஏற்றிக்கொள்ளும் நோயாளிக்கு அது போய்ச் சேரும்.

ஒரு சோதனையில் 'இருக்கிறது' என்று வந்தாலும் அதுவே முடிவல்ல. வேறு வேறு கிட்டில் மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். உறுதியானால் வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து இலவசம். விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. நேரில் போகுமுன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.