பூண்டு மிளகு பீன்ஸ்: தண்ணீர் முதலில், எண்ணெய் பிறகு, புளிப்பு கடைசியில்

பீன்ஸ் பிடிக்காது என்று சொல்பவர்களில் பலர் பக்குவமாக வெந்த பீன்ஸைச் சாப்பிட்டதே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் தண்ணீரில் இருபது நிமிடம் கொதித்து, நிறம் மங்கி, வாயில் வைத்ததும் குழைந்துபோகிற ஒன்று. அதே காயை, அதே அடுப்பில், பாதிக்கும் குறைவான நேரத்தில் செய்து, எதை எப்போது சேர்ப்பது என்ற வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள், தட்டில் முதலில் காலியாவது இதுவாகத்தான் இருக்கும். நறுக்க ஐந்து நிமிடம், அடுப்பில் எட்டு ஒன்பது நிமிடம், அவ்வளவுதான் வேலை.

மூன்று பேருக்கு 300 கிராம் பீன்ஸ், 5 பல் பூண்டு, 1 காய்ந்த மிளகாய், 1 மேசைக்கரண்டி எண்ணெய், அரை தேக்கரண்டி உப்பு, அரை தேக்கரண்டி மிளகு, அரை எலுமிச்சம்பழம், 4 மேசைக்கரண்டி தண்ணீர். எண்ணெய் எதுவாக இருந்தாலும் சரி, வீட்டில் இருப்பதே போதும். மிளகை மட்டும் அப்போதே இடித்துக்கொள்ளுங்கள், உடைத்த கணத்திலிருந்து அதன் வாசனை பறக்கத் தொடங்கிவிடும், டப்பாவில் பல மாதம் கிடந்த மிளகுத்தூளில் காரம் இருக்கும், மணம் இருக்காது. உப்புக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் எந்தக் காய்க்கும் பயன்படும்: காயின் எடையில் ஏறத்தாழ 1 சதவீதம். 300 கிராமுக்கு 3 கிராம், அது கிட்டத்தட்ட அரை தேக்கரண்டி.

காய் வாங்கும்போது ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்துகொண்டே போனால் பறித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். உள்ளே விதை புடைத்துக்கொண்டு வெளியே தெரிந்தால் முற்றல், அதை இந்தச் சமையலுக்கு எடுக்க வேண்டாம், நிறைய நேரம் வேகவைக்கிற குழம்புக்குப் போடலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கழுவி வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஈரத்தோடு உள்ளே போன பீன்ஸில் சீக்கிரம் வழவழப்பு ஏறி அழுகல் பிடிக்கும், சமைக்கப் போகும்போது கழுவினால் போதும். இரு முனையையும் கிள்ளி, நார் வந்தால் இழுத்துவிட்டு, விரல் இரண்டு அகல நீளத்துக்கு, கொஞ்சம் சாய்வாக நறுக்குங்கள். சாய்வாக நறுக்குவது அழகுக்காக மட்டும் இல்லை, வெட்டுமுகம் பெரிதாக இருந்தால் உப்பும் பூண்டு எண்ணெயும் உள்ளே பிடிக்கும். எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்று குழையும்போது இன்னொன்று வேகாமல் நிற்கும்.

இப்போது முக்கியமான விஷயம், நிறம். பச்சைக் காய் சூடு பட்ட முதல் நிமிடத்திலேயே இன்னும் பளிச்சென்று பச்சையாவதைப் பார்த்திருப்பீர்கள். செல்களுக்கு இடையில் அடைந்திருந்த காற்று வெளியேறுவதால், உள்ளே இருக்கும் நிறம் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பச்சைக்குக் காரணம் குளோரோஃபில், அதன் மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. காய் வேக வேக, அதற்குள் இருக்கிற அமிலம் கசிந்து வெளியே வந்து, அந்த மெக்னீசியத்தைத் தள்ளிவிட்டு ஹைட்ரஜனை அந்த இடத்தில் உட்கார வைக்கிறது. உடனே பச்சை போய் மங்கலான ஆலிவ் நிறம் வந்துவிடுகிறது. இதற்கு ஆறேழு நிமிடம் போதும். அதனால் நிறத்தைக் காப்பாற்ற எளிய வழி, அமிலம் வேலையைக் காட்டுவதற்குள் வேகவைத்து முடிப்பது. ரொம்ப நேரம் மூடிவைத்தே வேகவைத்தால் ஆவியோடு வெளியே போக வேண்டிய அமிலம் மூடியில் பட்டு மறுபடி காய் மேலேயே சொட்டும், அதுவும் நிறத்தைக் கெடுக்கும்.

சிலர் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவார்கள். நிறம் நிற்கும், உண்மைதான். ஆனால் காயின் செல் சுவர் இளகி வெளிப்பக்கம் கொழகொழவென்று ஆகிவிடும், சில வைட்டமின்களும் சிதையும், ஒரு மாதிரி சோப்பு வாடையும் வரும். வேண்டவே வேண்டாம்.

சரி, அடுப்புக்கு வருவோம்.

அகலமான வாணலி அல்லது தட்டையான அடிப்பாகம் உள்ள பாத்திரம் எடுங்கள், பீன்ஸ் குவியலாக இல்லாமல் பரவலாகக் கிடக்க வேண்டும். அதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். பீன்ஸ், உப்பு, அந்த 4 மேசைக்கரண்டி தண்ணீர், இவை மட்டும். பெரிய தீயில் வையுங்கள், தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் மூடி போட்டு 3 நிமிடம் விடுங்கள், காய் கொஞ்சம் தடிமனாக இருந்தால் 4 நிமிடம். இந்த நேரத்தில் பூண்டை மெல்லிய வில்லைகளாகச் சீவிக்கொள்ளலாம்.

மூடியைத் திறந்து ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். கடிகாரத்தை விடப் பல்லை நம்புவது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு பீன்ஸும் ஒவ்வொரு அடுப்பும் வேறு. பச்சை வாடை போயிருக்க வேண்டும், கடித்தால் பல்லுக்கு லேசான எதிர்ப்பு இருக்க வேண்டும். இன்னும் பச்சை வாடை அடித்தால் ஒரு நிமிடம் கூட வையுங்கள். மொறுமொறுப்பு வேண்டும் என்பதற்காக அரைவேக்காட்டில் இறக்கிவிடக் கூடாது, பச்சை பீன்ஸில் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது, வேகாமல் நிறையத் தின்றால் வயிற்றைப் புரட்டும், நன்றாகச் சூடேறினால் அது செயலிழந்துவிடும்.

வெந்ததா? இனி மூடி தேவையில்லை, ஓரமாக வைத்துவிடுங்கள். தீயைக் குறைக்காமல் மிச்சத் தண்ணீர் வற்றும்வரை நில்லுங்கள். பாத்திரத்திலிருந்து வரும் சத்தம் மாறுவது காதுக்கே தெரியும், கொதிக்கிற சத்தம் அடங்கி, காய்ந்த சடசடப்பு கேட்கும். அப்போதுதான் எண்ணெய்க்கு நேரம். பீன்ஸை ஓரமாக ஒதுக்கி, நடுவில் எண்ணெய் ஊற்றி, கிள்ளிய மிளகாயையும் பூண்டையும் அந்த எண்ணெயிலேயே போடுங்கள். தீயை மிதமாக்குங்கள். அரை நிமிடத்தில் பூண்டின் ஓரம் பொன்னிறமாகும், வாசனை எழும், உடனே பீன்ஸை அதன் மேல் தள்ளிப் புரட்டி, மறுபடி தீயைக் கூட்டி 2 நிமிடம். இந்த 2 நிமிடமும் கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்காதீர்கள். இருபது விநாடி அப்படியே விடுங்கள், ஒரு புரட்டு, மறுபடி விடுங்கள். காயின் மேல் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழ வேண்டும், சுவையில் பாதி அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது.

எண்ணெயை முதலில் ஊற்றினால் என்ன, எல்லாரும் அப்படித்தானே செய்கிறோம் என்று கேட்கலாம். வதங்கலும் பழுப்பும் வர 140 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. எண்ணெய், பூண்டு, காய், பிறகு தண்ணீர் தெளித்து மூடி என்று போனால், வதங்க ஆரம்பித்த காய் மறுபடி அவியலுக்குத் திரும்பிவிடுகிறது, பூண்டும் ஒன்று கருகுகிறது அல்லது நீரில் ஊறிச் சொதசொதக்கிறது. தண்ணீரின் வேலையை முதலிலேயே முடித்து அனுப்பிவிட்டால் எண்ணெய்க்கு முழுச் சூடும் கிடைக்கும், 2 நிமிடத்தில் பூண்டும் மொறுமொறுப்பு கெடாமல் தட்டுக்கு வந்து சேரும். எண்ணெயும் குறைவாகவே ஆகும். ஆனால் எண்ணெயே இல்லாமல் செய்யாதீர்கள், பச்சைக் காய்களில் இருக்கும் பீட்டா கரோட்டினும் வைட்டமின் கே-யும் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

பூண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். முழுப் பல்லில் அந்தக் காரமான வாசனை கிடையாது, வெட்டும்போதோ நசுக்கும்போதோ செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த பொருள்கள் கலந்து அல்லிசின் உண்டாகும்போதுதான் அது வருகிறது. எவ்வளவு நசுக்குகிறோமோ அவ்வளவு காரம். அதனால் தூக்கலான பூண்டு வாசனை வேண்டும் என்பவர்கள் இடித்துப் போடலாம், ஆனால் இடித்த பூண்டு சில விநாடிகளில் கருகிவிடும், கருகினால் கசப்புதான், அந்தக் கசப்பை எதைப் போட்டாலும் மறைக்க முடியாது. வில்லையாகச் சீவினால் நிதானமாகச் சிவக்கும், வாசனை இனிப்பாக இருக்கும், கடிக்கும்போது தனியாகவும் தெரியும். எனக்கு வில்லைதான். வில்லைகள் பொன்னிறத்தைத் தாண்டி சிவப்பாகப் போகிறது என்று தெரிந்தால் யோசிக்காமல் காயை மேலே தள்ளிவிடுங்கள், எண்ணெயை விடக் காயில் சூடு குறைவு, அது எண்ணெயின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும்.

அடுப்பை அணைத்த பிறகுதான் மிளகு. அதற்கும் பிறகு, பரிமாறும் நேரத்தில், எலுமிச்சைச் சாறு. இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். பச்சை நிறத்தைக் கெடுப்பதே அமிலம்தான் என்று மேலே பார்த்தோம், எலுமிச்சையை அடுப்பிலேயே பிழிந்தால் நாமே கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். புளிப்பு முன்னாடியே சேர்ந்தால் காய் மிருதுவாகவும் மறுக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் நறுக்கென்றே நிற்கும். எலுமிச்சையின் மணமும் சூட்டில் நிற்காது. தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் லேசாகத் துருவித் தூவினால் சாற்றை விட அதிக மணம் கிடைக்கும், வெள்ளைப் பகுதி வரக் கூடாது, அது கசக்கும்.

மேலே தூவ வறுத்த எள், கொரகொரப்பாகப் பொடித்த வறுத்த வேர்க்கடலை, எது இருந்தாலும் நன்றாக இருக்கும். சோயா சாஸ் ஊற்றுவதானால் உப்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், அதிலேயே நிறைய உப்பு இருக்கிறது.

இதே வரிசை மற்ற காய்களுக்கும் பொருந்தும், நேரம் மட்டும் மாறும். ப்ரோக்கோலிக்கு 2 நிமிட ஆவி போதும், தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், தோலைச் சீவிவிட்டு மெல்லியதாக நறுக்கிச் சேருங்கள், பூவை விட அதுதான் இனிப்பு. ப்ரோக்கோலியும் முட்டைக்கோஸும் அதிகம் வெந்தால் கந்தக வாடை அடிக்கும், அந்த வாடை வந்துவிட்டாலே நேரம் தாண்டிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். உறைந்த பட்டாணியை உறைய வைப்பதற்கு முன்பே கொதிநீரில் முக்கி எடுத்திருப்பார்கள், அதனால் சூடேறினால் போதும், 2 நிமிடம்கூட அதிகம். கீரைக்குத் தண்ணீரே ஊற்ற வேண்டாம், கழுவிய ஈரம் போதும், ஒரு நிமிடத்தில் சுருங்கிவிடும், சுருங்கிய பிறகு அளவைப் பார்த்து உப்புப் போடுங்கள், பச்சையாக இருக்கும்போது அந்தக் குவியலைப் பார்த்துப் போட்டால் கண்டிப்பாகக் கரித்துவிடும்.

வெண்டைக்காய் மட்டும் இந்த முறைக்கு அடங்காது. அதில் தண்ணீர் பட்டால் கொழகொழப்பு வெளியே வரும். கழுவித் துணியால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு நறுக்கி, நேராக எண்ணெயில் மூடாமல் வதக்குங்கள், உப்பு கடைசியில். இங்கே கொஞ்சம் புளிப்பு முன்பே சேர்ந்தாலும் பரவாயில்லை, நிறம் சற்றுக் குறைந்தாலும் அது கொழகொழப்பைக் கட்டுப்படுத்தும்.

நிறைய பேருக்குச் சமைக்கும்போது வாணலியில் 300, 400 கிராமுக்கு மேல் போடாதீர்கள், கூட்டம் அதிகமானால் நீர் வற்றாமல் காய் அதிலேயே வேகும். அப்படிப்பட்ட நாளில் ஒரு பெரிய பாத்திரத்தில் உப்புப் போட்ட தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பீன்ஸை மூடாமல் 3 நிமிடம் வேகவைத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, துணியில் பரப்பி ஈரத்தை நன்றாகத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறைய தண்ணீரில் அமிலம் நீர்த்துப்போவதால் நிறம் அருமையாக நிற்கும், ஆனால் வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் கொஞ்சம் அந்தத் தண்ணீரோடு போகும். சாப்பிடும் நேரத்தில் பூண்டு எண்ணெயில் தொகுதி தொகுதியாக 2 நிமிடம் புரட்டினால் போதும்.

மிச்சம் வைப்பதாக இருந்தால் எலுமிச்சை பிழிவதற்கு முன்பே அந்தப் பங்கைத் தனியாக எடுத்து, ஆறியதும், 2 மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். சாப்பிடும்போது நன்றாகக் காய்ந்த வாணலியில் ஆவி பறக்கச் சூடாகும்வரை புரட்டி, அப்புறம் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.