கம்பியில்லா வீடியோ அழைப்பு மணி: துளையிடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்

கம்பியில்லா வீடியோ அழைப்பு மணியை வாங்கியவுடன் டிரில்லைக் கையில் எடுக்கிறவர்கள் பலர். என்னைக் கேட்டால், அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வதே நல்லது. ஏனெனில், வாசல் வரை வைஃபை அலை எந்த வலுவில் எட்டுகிறது என்பதைப் பொறுத்தே மணியின் பயன் அமையும்.

முதலில் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்துவிட்டு, ரூட்டருக்கு அருகிலேயே உட்கார்ந்து, கைபேசியில் செயலியை நிறுவி மணியை இணைத்துவிடுங்கள். இவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குவதால், இணைப்பு கிடைக்காவிட்டால் கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னர் மணியை வாசலுக்கு எடுத்துச் சென்று, கதவைச் சாத்திவிட்டு, பொருத்த நினைக்கும் இடத்தில் பிடித்தபடி பொத்தானை அழுத்துங்கள். கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் அலையை வெகுவாகத் தடுப்பவை என்பதால், ரூட்டருக்கு அருகில் தெரிந்த தெளிவை நம்பி முடிவெடுக்கக் கூடாது. கைபேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவிலும் ஒருமுறை பாருங்கள். வெளியூரில் இருக்கும்போது காட்சி எப்படி வரும் என்பது அப்போதுதான் தெரியும். படம் நின்று நின்று வந்தால், ரூட்டரை வாசல் பக்கம் நகர்த்துங்கள், அல்லது அலையை வாங்கி மேலும் தூரத்துக்கு அனுப்பும் வைஃபை எக்ஸ்டெண்டர் ஒன்றை இடையில் வையுங்கள்.

உயரம் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் இருந்தால், வருபவரின் முகமும் வாசலில் வைக்கப்படும் பொட்டலமும் பொதுவாக ஒருசேரத் தெரியும். உடல் வெப்பத்தைக் கொண்டு நடமாட்டத்தை உணரும் சென்சார், நேராக நெருங்கி வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரையே எளிதில் கண்டுகொள்கிறது. ஆகவே பாதைக்குச் சற்றே சாய்வாக, ஆப்பு வடிவத் தாங்கியின் மீது பொருத்துவது நல்லது. பக்கச்சுவர் மிக நெருக்கமாக இருந்தால், இரவில் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கச் செய்துவிடும். இவ்வளவையும் பார்த்த பிறகு துளையிட்டு, திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கை அதில் செருகி, திருகுகளைக் கையாலேயே இறுக்குங்கள்.

சாலையில் செல்லும் ஒவ்வொரு வண்டிக்கும் கேமரா விழித்துக்கொண்டால் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும். செயலியில் கண்காணிப்புப் பகுதியை உங்கள் வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுக் கதவு படத்தில் விழுந்தால் அதை மறைத்துவிடுவது நம் கடமை. கணக்கிற்குத் தனியான கடவுச்சொல்லும், அதோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பும் கட்டாயம் வேண்டும்.

கைபேசியை எப்போதும் கையில் வைத்திராத முதியவர்கள் வீட்டில் இருந்தால், உள்ளே ஒலிக்கும் தனி மணி ஒன்றையும் அவசியம் இணையுங்கள். உறைநிலைக்குக் கீழான குளிரில் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், மணியையோ பேட்டரியையோ கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தே சார்ஜ் செய்யுங்கள். பெட்டியோடு வந்த சிறிய திருப்புளியோ ஊசியோ இல்லாமல் பல மணிகளைக் கழற்ற முடியாது. அதை ரூட்டருக்குப் பக்கத்திலேயே பத்திரமாக வைத்துவிடுங்கள்.