வான் வண்டிக்குள் இரண்டாவது பற்றரி
திருகோணமலை நிலாவெளிப் பக்கம் மீன் கொண்டு போகவும் குளிர்பெட்டிக்கும் என்று வானுக்குள் இன்னொரு பற்றரி பூட்டுபவர்கள் கவனிக்க: தண்ணீர் ஊற்றும் பற்றரி உள்ளே வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வரும். ஒரு தீப்பொறி போதும். சீல் செய்த ஏஜிஎம் வகை (அமிலம் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லை) பரவாயில்லை, அதற்கும் காற்றோட்டம் விடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது பியூஸில்தான். இரண்டு பற்றரிகளையும் இணைக்கும் பிளஸ் வயருக்கு இரு முனையிலும் பியூஸ் வேண்டும், பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள். ஒரு பக்கம் மட்டும் போட்டால், வயர் தேய்ந்து பாடியில் படும்போது மற்றப் பற்றரி அதைக் கொளுத்திவிடும்.

பற்றரியைத் தரையோடு இறுக்கிக் கட்டுங்கள். சடன் பிரேக்கில் 20 கிலோ பாரம் முதுகுக்கு வரும். அப்புறம், எங்கள் கடற்காற்றுக்கு டெர்மினலில் கொஞ்சம் வாஸலின் பூசுங்கள்.