பழைய கம்பியில்லா சென்சார்களை வீசிவிட வேண்டாம்

திருட்டு அலாரம் நிறுவனத்துக்குக் கட்டும் மாதச் சந்தாவை நிறுத்திவிட்டு, பல்லடம், பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்துச் சாளையை (தோட்டத்து வீட்டை) செல்பேசி வழியே தாமே கண்காணிக்க விரும்புவோர், கதவுகளில் ஏற்கெனவே ஒட்டியுள்ள சென்சார்களைக் கழற்றும் முன் அவற்றின் அலைவரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது 433.92 மெகாஹெர்ட்ஸ் ஆகவும், சமிக்ஞை மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்படாததாகவும் இருந்தால், ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்னும் யுஎஸ்பி ரிசீவரையும் ஆர்டிஎல்_433 என்னும் இலவச மென்பொருளையும் கொண்டு அதைப் படித்து, வீட்டுக் கருவிகளை ஒருங்கே கண்காணிக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்னும் மென்பொருளில் இணைத்துவிடலாம். மறையாக்கம் செய்யப்பட்டவற்றோடு மல்லுக்கட்டுவது வீண்வேலை.

மலிவான கதவு சென்சார்களில் பல, திறந்ததை மட்டுமே தெரிவிக்கும். மூடியதையோ பேட்டரி தீர்ந்துபோனதையோ தெரிவிப்பதில்லை என்பதால், ஒவ்வொரு கதவையும் அவ்வப்போது திறந்து சோதிப்பது அவசியம். இரும்புக் கதவு காந்தப்புலத்தை இழுத்து சென்சாருக்குள் இருக்கும், காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்சைக் குழப்பக்கூடும். காந்தத்துக்கு அடியில் ஒரு விரல்கடை தடிமனில் மரத்துண்டு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஹோம் அசிஸ்டென்ட் இயங்கும் கணினியையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டரில் இணைத்திருக்க வேண்டும். அலாரம் அடித்தால் ஓடிவரப்போவது நாமோ பக்கத்துத் தோட்டத்துக்காரரோதான் என்பதால், எச்சரிக்கைச் செய்தி அவருடைய செல்பேசிக்கும் போகும்படி, அவருடைய சம்மதத்துடன், அமைத்துக்கொள்ளலாம்.