“ஓவ், ஓவ்” என்று தலையாட்டினால் பிரஷர் இறங்காது

கொழும்பில் மாதாந்தக் கிளினிக்குக்குப் போகிற எல்லோருக்கும் இந்தக் காட்சி தெரியும். விடியவே போய் நம்பர் எடுத்து, வாங்கில் இரண்டு மூன்று மணித்தியாலம் காத்திருந்து, கடைசியில் டொக்டருக்கு முன்னால் உட்காரக் கிடைப்பது நாலைந்து நிமிடம். அவர் கொப்பியைப் புரட்டிக்கொண்டே “பெஹெத் ஹரியட்ட பொனவாத?” என்று கேட்பார், மருந்தெல்லாம் ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்று. என் அம்மா உடனே சிங்களத்தில் “ஓவ், ஓவ்” என்பார், ஓம் ஓம் என்று. போன கிழமை மூன்று நாள் மறந்தது, முழங்கால் வலிக்கு பாமசியில் கேட்டு வாங்கிய குளிசை, எதுவும் வாயில் வராது. பிரஷர் மருந்து விஷயத்தில் நாம் விடுகிற தவறுகளில் பாதி அந்த ஒரு “ஓவ்”வுக்குள்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது சீனி பார்க்க இரத்தம் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான் என்று, முதல் நாள் இரவுக் குளிசையையும் விட்டு, காலைக் குளிசையையும் விட்டு, வெள்ளவத்தையில் இருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தார். பிரஷர் 178க்கு 100. டொக்டர் என்ன நினைப்பார்? இவ்வளவு மருந்து எடுத்தும் 178 என்றால் மருந்து போதாது என்றுதான் நினைப்பார், அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான். லோசார்ட்டன் என்ற பிரஷர் குளிசையை இரண்டு வேளை ஆக்கி, சிறுநீர் போகிற குளிசை ஒன்றும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து அடுத்த நாளில் இருந்து எல்லாவற்றையும் மிக ஒழுங்காகப் போட்டார். ஐந்தாம் நாள் காலை கட்டிலை விட்டு எழும்பி பாத்ரூமுக்குப் போனவர் கண் இருட்டி விழுந்து, புருவத்துக்கு மேலே வெடித்துவிட்டது. மெஷினைக் கட்டிப் பார்த்தால் 98க்கு 60.

“அண்டைக்குக் குளிசை போட்டனீங்களா அம்மா?” என்று அப்புறம்தான் கேட்டேன். “வெறும் வயித்தில வரச் சொன்னவை, அதுதான் ஒண்டும் போடேல்ல” என்றார். பிழை கிளினிக்கில் இல்லை. எங்களில்தான்.

சரி, இதற்கு என்ன விடை என்றால், வெறும் வயிற்றில் எடுக்கிற வழக்கமான இரத்தப் பரிசோதனைக்கு வெறும் தண்ணீர் குடிக்கலாம், அந்தத் தண்ணீரோடு பிரஷர் குளிசையையும் பெரும்பாலும் போடலாம். சீனிக் குளிசையும் இன்சுலினும்தான் வேறு கதை, அவற்றைச் சாப்பிடாமல் எடுத்தால் சீனி இறங்கிவிடும். உங்களுக்கு எதைப் போடலாம், எதை விட வேண்டும் என்று ஒரு தடவை கேட்டு, கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள். போடாமல் போய்விட்டீர்கள் என்றால், மெஷினைக் கையில் கட்டும்போதே “இன்றைக்குப் போடவில்லை” என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வசனத்துக்கு ஒரு குளிசையின் பெறுமதி இருக்கிறது.

பிரஷர் பார்க்கிற விதத்திலும் இதே சிக்கல்தான். படி ஏறி வந்த கையோடு பார்ப்பது, பிளேன்டீ குடித்து ஐந்து நிமிடத்தில் பார்ப்பது, ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு பார்ப்பது, பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு மகளின் கலியாணம் கதைப்பது, எல்லாம் நம்பரை ஏற்றிவிடும். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து சும்மா இருந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தேத்தண்ணி, கோப்பி, சிகரெட் எதுவாக இருந்தாலும் அரை மணித்தியாலம் விட்டுத்தான். வீட்டில் மெஷின் இருந்தால் ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள், வாங்கில் மூன்று மணித்தியாலம் காய்ந்த பிறகு வருகிற நம்பரைவிட அந்தத் தாள் டொக்டருக்குப் பிரயோசனமானது.

அடுத்தது, “இப்ப 128, நோர்மல், அதனால நிப்பாட்டிட்டன்.” எங்கள் தொடர்மாடியில் மேல்மாடி அங்கிள் இதைப் பெருமையாகச் சொல்வார். அந்த 128 அவருடைய 128 இல்லை, குளிசையுடைய 128. நிறுத்தினால் பிரஷர் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே போகும், போகும்போது சத்தமும் போடாது. பிரஷர் கூடினால் தலையிடிக்கும், தலைசுற்றும், அப்போது தெரியும்தானே என்று நினைக்கிறவர்கள் நிறைய. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது, மூளையிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ பிரச்சினை வந்த பிறகுதான் தெரியும். சில மருந்துகளைத் திடீரென்று விடுவது இன்னும் மோசம். அட்டெனோலோல், பிசோப்ரோலோல், ப்ரோப்ரனோலோல் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால் படபடப்பும் நெஞ்சுவலியும் வரலாம், இதய வருத்தம் உள்ளவருக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம். குளோனிடினை அப்படி நிறுத்தினால் பிரஷர் முன்பு இருந்ததைவிட மேலே பாயும். குறைக்க வேண்டும் என்றால் டொக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

2022இல் பொருளாதார நெருக்கடியில் நாடு இருந்த நிலைமையில் மருந்து கிடைக்காமல், கிடைத்தாலும் விலை தாங்காமல், குளிசையைப் பாதியாக உடைத்தவர்களும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டவர்களும் எத்தனையோ பேர். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது, கொப்பியில் மட்டும் முழு டோஸ் எழுதியிருக்கும். விலை கட்டுப்படியாகாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், விலை குறைந்த மருந்து மாற்றிக் கொடுக்க வழி இருக்கும். இன்னொன்று, எல்லாக் குளிசையும் உடைக்கிற குளிசை இல்லை. நிஃபெடிபின் எஸ்.ஆர். மாதிரி மெதுவாகக் கரைய வேண்டியதை இடித்து விழுங்கினால் பல மணித்தியாலங்களில் இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கும்.

பக்கவிளைவு வந்தவுடன் இரகசியமாக நிறுத்துவது ஒரு தனி ரகம். எனலாப்ரில் குடிக்கிற சிலருக்கு வறட்டு இருமல் வரும், தொண்டையில் தும்பு ஒட்டின மாதிரி. என் பெரியம்மா மூன்று மாதம் பாணி மருந்து மாறி மாறிக் குடித்தார், இருமல் போகவில்லை, குளிசைதான் காரணம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. டொக்டரிடம் சொன்னதும் லோசார்ட்டனுக்கு மாற்றினார், கொஞ்ச நாளில் இருமல் நின்றுவிட்டது. அதே எனலாப்ரிலால் உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. அம்லோடிபினில் பின்னேரம் கணுக்கால் வீங்கலாம், செருப்புப் பட்டி தடம் போடும். அது கிட்னி பழுதாகிவிட்டது என்பதல்ல, ஆனாலும் காட்ட வேண்டும். சிறுநீர் போகிற குளிசையை இரவில் போட்டுவிட்டு நித்திரை இல்லை என்று புலம்பாதீர்கள், அது காலையில் போடுகிற குளிசை. ஆண்களுக்கு ஒரு வார்த்தை: சில மருந்துகளால் படுக்கையறையில் பிரச்சினை வரலாம், மனைவியிடமே சொல்லாமல் குளிசையை நிறுத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். டொக்டரிடம் சொல்லுங்கள், மாற்றுக் குளிசை இருக்கிறது. சொல்லாமல் வேறு ‘சக்தி’க் குளிசையைச் சேர்ப்பதுதான் ஆபத்து, பிரஷருக்குப் பிராசோசின் எடுப்பவருக்கோ நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கோ பிரஷர் கிடுகிடுவென்று இறங்கிவிடும்.

கொழும்பில் எனக்கு மிகவும் பயமான தவறு, ஒரே மருந்தை இரண்டு பெயரில் குடிப்பது. கிளினிக்கில் கடதாசி உறைக்குள் லோசார்ட்டன் தருகிறார்கள். பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நம்பர் பதிந்து, பார்க்கிறோம், அவர் எழுதியதற்குப் பாமசியில் பளபளக்கும் பெட்டியில் ஏதோ கம்பனிப் பெயரோடு ஒன்று வருகிறது. பெட்டியைத் திருப்பிக் கீழே சின்ன எழுத்தில் பார்த்தால் அதுவும் லோசார்ட்டன்தான். நிறத்தையும் வடிவத்தையும் நம்பிக் குளிசையை அடையாளம் வைக்காதீர்கள், கம்பனி மாறினால் வெள்ளை மஞ்சள் ஆகும், வட்டம் நீளமாகும். மருந்தின் சொந்தப் பெயரைத் தெரிந்து வையுங்கள். மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்லாமல் அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும் என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் இந்த ஊரில் வேலை செய்த பேராசிரியர் சேனக பிபிலே, ஒசுசல மருந்துக் கடைகளை நடத்துகிற அரச கூட்டுத்தாபனம் 1971இல் தொடங்கியதே அவருடைய முயற்சியால். அவருடைய ஊரில் இருந்துகொண்டு நாம் “அந்த மஞ்சள் குளிசை” என்று கேட்கிறோம்.

உறையில் எழுதியிருப்பதும் ஒரு தலையிடிதான். சிங்களத்தில் கிறுக்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் ஓ.டி., பி.டி. என்று இருக்கும். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு தடவை, பி.டி. என்றால் இரண்டு தடவை. விளங்காவிட்டால் யன்னலை விட்டு நகராமல் அங்கேயே கேட்டு, உறையின் மேலேயே தமிழில் ‘காலை’, ‘இரவு’ என்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்து ஊகிக்காதீர்கள்.

ஒரு நேரம் மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த குளிசைக்கு நேரம் கிட்டிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. இரவில் போட்டால்தான் இதயத்துக்கு நல்லது என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிரித்தானியாவில் 21,000க்கும் மேற்பட்டவர்களைச் சில வருடங்கள் தொடர்ந்து பார்த்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வித்தியாசம் இல்லை. டொக்டர் குறிப்பிட்ட நேரம் சொல்லாவிட்டால் உங்களுக்கு மறக்காத நேரம்தான் நல்ல நேரம். அம்மாவுக்கு அது காலை ஆறு மணி, சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கும்போது.

நோன்பு காலத்தில் நேரம் மொத்தமாகப் புரளும். ஸஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் ஏற்ப மருந்தை மாற்றித் தரலாம், ஒரு வேளைக் குளிசையாகவும் ஆக்கலாம், ஆனால் நோன்பு தொடங்குவதற்கு முன்பே டொக்டரிடம் போக வேண்டும். ஸஹரில் சிறுநீர்க் குளிசையைப் போட்டுவிட்டுப் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிக்கிறவர்களுக்கும் இதேதான், முருகன் குளிசையை விடச் சொல்லவில்லை.

மற்ற மருந்துகளின் கதை பெரியது. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் தொடர்ந்து எடுத்தால் பிரஷர் ஏறும். லோசார்ட்டனோ எனலாப்ரிலோ, கூடவே சிறுநீர்க் குளிசை, அதற்கு மேல் இந்த வலிக் குளிசை என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். வலிக்குப் பனடோல் போதுமா என்று முதலில் கேளுங்கள், அதிலும் தண்ணீரில் கரைந்து நுரைக்கிற வகை வேண்டாம், அதில் உப்பு அதிகம். தடிமனுக்கு மூக்கடைப்பு நீக்குகிற சில குளிசைகளும் பிரஷரை ஏற்றும். இயற்கைதானே என்று அதிமதுரம் போட்ட கசாயத்தை நாள்தோறும் குடிப்பதும் ஏற்றும். உப்புக்குப் பதிலாக விற்கிற பொட்டாசியம் உப்பும், தினமும் இரண்டு மூன்று செவ்விளநீரும், லோசார்ட்டனோ ஸ்பைரோனோலக்டோன் என்ற சிறுநீர்க் குளிசையோ எடுக்கிற சிறுநீரகம் பலவீனமான ஆளுக்கு இரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்குக் கூட்டலாம். கருவாட்டைப் பற்றி நான் இங்கே பேசவில்லை, அது எங்கள் வீட்டில் வேறு சண்டை.

வயிற்றோட்டம், வாந்தி, கடும் காய்ச்சல் வந்து சாப்பாடு தண்ணீர் இறங்காத நாட்களில் சில பிரஷர் மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். டெங்கு ஊரில் இருக்கிற எங்களுக்கு இது முக்கியம், அன்றே டொக்டரைக் கேளுங்கள். பிள்ளை எதிர்பார்க்கிற பெண் எனலாப்ரில், லோசார்ட்டன் எடுத்துக்கொண்டிருந்தால் காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும், அவை வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது.

நடு இரவில் மெஷின் 180 காட்டினால் பதறிப்போய் நாக்குக்குக் கீழே ஒரு நிஃபெடிபினை உடைத்து ஊற்றுகிற பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம், பிரஷர் திடீரென்று இறங்கி அதனாலேயே பக்கவாதம் வரலாம். அமைதியாக உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். வேறு ஒன்றும் இல்லை, நம்பர் மட்டும் இறங்கவில்லை என்றால் விடிந்ததும் டொக்டரிடம் காட்டுங்கள். ஆனால் வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் இழுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு இறுக்கினாலோ, மூச்சு முட்டினாலோ மெஷினைத் தூக்கி எறிந்துவிட்டு 1990 என்ற நம்பருக்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அம்மாவின் புருவத்துக்கு மேல் சின்னத் தழும்பு இருக்கிறது. போன கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் வழக்கம்போல் கொப்பியைப் புரட்டிக்கொண்டே கேட்டார். அம்மா “ஓவ்” என்று தொடங்கி, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “தெதவசக் அமத்தக்க உனா” என்றார், இரண்டு நாள் மறந்துபோனது என்று. டொக்டர் பேனையை வைத்துவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பிரஷர் 150தான். டோஸைக் கூட்டவில்லை, பழையதையே எழுதி, எந்த இரண்டு நாள் என்று கேட்டார்.